கொழும்புச் சீனரின் வம்சமும் பிறப்புப் பதிவேடும்

இலங்கைச் சீனர்களில் பெரும்பாலானோரின் முன்னோர் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஷான்டொங், ஹூபெய் மாகாணங்களிலிருந்து வந்து, சிலர் துணி மூட்டை சுமந்து வீடு வீடாக விற்றும், சிலர் பல் கட்டும் தொழில் செய்தும் கொழும்பிலும் பிற நகரங்களிலும் நிலைபெற்றவர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் தம் குடும்ப வரலாற்றைத் தேடத் தொடங்கும்போது, சீனக் கிராமத்தில் குலவழியினர் பேணிவந்த வம்ச ஏட்டைவிட, இலங்கையின் பிறப்பு, விவாக, இறப்புப் பதிவேடுகளே முதலில் கைக்கு எட்டுகின்றன.

இந்நாட்டில் குடிசார் பதிவு, அதாவது சமயச் சார்பின்றி அரசே வாழ்வு நிகழ்வுகளைப் பதிந்துகொள்ளும் முறை, 1867ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தோடு வேரூன்றியது. பிறப்புப் பதிவில் பெற்றோரின் பெயர், இனம், விவாக விபரம் ஆகியவற்றோடு, பிறப்பை அறிவித்தவரின் பெயரும் வதிவிடமும் இடம்பெறுவதால், தந்தையைப் பற்றிய குறிப்பு மங்கலாயிருந்தாலும் அறிவித்த உறவினர் வழியாகக் குடும்பத்தின் இன்னொரு கிளையை அடையலாம்.

பிற்காலப் படிவத்தில், பாட்டனார் இலங்கையில் பிறந்தவராயின் அவரது பெயரையும் பிறந்த ஆண்டையும் இடத்தையும் கேட்கும் நிரலும், தந்தை இங்கு பிறவாதவிடத்துப் பூட்டனாரைப் பற்றிக் கேட்கும் நிரலும் உண்டு. 1948 நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்த பிரஜாவுரிமைச் சட்டம் தந்தைவழியின் பிறப்பிடத்தையே அளவுகோலாக்கியதால், மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய அதே விதி, கொழும்பிலேயே பிறந்த சீனக் குழந்தைகளையும் நாடற்றவராக்கியது. இந்த அநீதி 2008இல்தான் தனிச் சட்டமொன்றால் திருத்தப்பட்டு, 1948 நவம்பர் 15 முதல் இங்கு நிரந்தரமாக வாழ்ந்த சீன வம்சாவளியினருக்கும் அவர்களின் சந்ததியினருக்கும் பிரஜாவுரிமை பெறும் வழி திறந்தது; அந்த வதிவை நிறுவ முற்பட்டவருக்கு, அந்நாளுக்கு முந்திய பதிவு ஒன்று பெரும் பலமாகும்.

கொட்டாஞ்சேனைப் பதிவுகளுக்குக் கொழும்புப் பிரதேச செயலகத்தையும், வெள்ளவத்தைப் பதிவுகளுக்குத் திம்பிரிகஸ்யாயப் பிரதேச செயலகத்தையும் நாடலாம். பதிவு இலக்கம் தெரியாதபோது பெயரைக் கொண்டே தேட நேர்வதால், சீனர் குடும்பப் பெயரை முதலில் சொல்வதையும், பதிவாளர் அதை இறுதியில் எழுதியிருக்கக்கூடும் என்பதையும் மனத்திற்கொள்ள வேண்டும். ஒரே எழுத்தால் குறிக்கப்படும் குடும்பப் பெயர் மாண்டரினில் சென் என்றும், கன்டோனீஸில் சான் என்றும், ஹொக்கியனில் டான் என்றும் ஒலிப்பதால், உடன்பிறந்தோரின் பதிவுகள்கூட வேறு வேறு எழுத்துக்கூட்டலில் இருக்கலாம். பிறந்தவுடனேயே ஒரு வயது எனக் கணக்கிடும் பழைய சீன வழக்கத்தால், விவாக, இறப்புப் பதிவுகளில் வயது ஓரிரு ஆண்டு கூடியிருப்பதும் இயல்பு.

ஆயினும் தந்தையின் பிறப்பிடம் "சீனா" என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடும் இடங்களில், கல்லறைக் கல்லில் சீன எழுத்தில் பொறிக்கப்பட்ட மாவட்டப் பெயரே ஊரைக் காட்டித்தரும். ஆகவே முதியோர் வாழும்போதே குடும்பப் பெயரையும் ஊர்ப் பெயரையும் சீன எழுத்தில் எழுதி வாங்கி, சான்றிதழ்ப் பிரதிகளோடு சேர்த்து வைப்பது, நீண்டகாலம் எந்த நாட்டின் பட்டியலிலும் இடம்பெறாத ஒரு சமூகத்துக்கு இன்றியமையாத கடமையாகும்.