தார்ப்பாய் ஓடிவரும் நேரம்

கிரிக்கெட்டில் மழை வந்தால் பிட்ச்சை ஏன் மூடுகிறார்கள் என்று நமக்குத் தெரியும். பந்து தரையில் குத்தி எழவேண்டும். ஈரத்தரையில் அது எப்படி எழும் என்று யாராலும் சொல்ல முடியாது. பேஸ்பாலில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. வீசுபவர் கையிலிருந்து கிளம்பும் பந்து தரையைத் தொடாமலே மட்டைக்கு வந்துவிடுகிறது. அப்படியிருந்தும் அமெரிக்க மைதானங்களில் மழை சற்று வலுத்தாலே ஆட்டத்தை நிறுத்தித் தார்ப்பாயை இழுத்து மூடுகிறார்களே, ஏன்?

முதல் காரணம் விரல். வீசுபவர் நிற்பது 10 அங்குல உயரக் களிமண் மேட்டில். 60 அடி 6 அங்குலம் தள்ளி மட்டையாளர். மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் பாயும் பந்து இந்தத் தூரத்தைக் கடக்க அரை விநாடிகூட ஆகாது. அதைச் சுழற்றுவதும் திசைதிருப்புவதும் விரல் நுனிக்கும் பந்தின் தோலுக்கும் இடையிலுள்ள உராய்வுதான். புதுப் பந்தின் வழவழப்பே ஆகாது என்று, டெலவர் ஆற்றுப் பக்கத்துச் சேற்றைப் பூசித் தேய்த்த பிறகே களத்துக்கு அனுப்புகிறார்கள். அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்த பிடிமானத்தை மழைநீர் கெடுத்துவிடும். பந்து இம்மியளவு முன்னதாக நழுவினால் மட்டையாளரின் தலைக்கே ஆபத்து.

அடுத்தது கால். வீசும்போது நீட்டி ஊன்றும் முன்காலில் உடல் எடையைவிடக் கூடுதலான விசை இறங்குகிறது. அங்கே சறுக்கினால் முழங்கால் போனது போனதுதான்.

வேடிக்கை என்னவென்றால், வெயில் காயும் நாளில் மைதான ஊழியர்களே குழாயைப் பிடித்து இந்த மண்ணை நனைக்கிறார்கள். களிமண் துகள்கள் மிக நுண்ணிய தகடுகள். அப்பளக் கட்டுபோல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பவை. இடையில் மெல்லிய நீர்ப்படலம் இருந்தால் அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். அந்தப் பதத்தில் காலணியின் ஆணி மண்ணில் இறங்கி, கட்டி பெயராமல் வெளியே வரும். காய்ந்துபோனால் தரை பாறையாகி, உருண்டு வரும் பந்து கண்டபடி துள்ளும். நீர் மிஞ்சினால் தகடுகள் விலகி வழுக்கும். மழைக்கு அளவு தெரியாது, அவ்வளவுதான் அதன் குற்றம்.

வெளிக்களம் புல், தண்ணீர் அடியில் வடிந்துவிடும். ஆகவே தார்ப்பாய் மூடுவது மூலைகளில் தளங்கள் கொண்ட, 90 அடிப் பக்கமுள்ள உள்சதுரத்தையும் அதைச் சுற்றிய மண்ணையும் மட்டும்தான். பெரிய உருளையில் சுருட்டியிருப்பதை ஆட்கள் வரிசையாகப் பிடித்துக்கொண்டு ஓடி விரிக்கிறார்கள். தாமதித்தால் மண் சேறாகிவிடும். வெயிலில் நெடுநேரம் மூடிவைத்தால் உள்ளேயிருக்கும் புல் வெந்துபோகும். 1985-இல் செயின்ட் லூயிஸ் மைதானத்தில் தார்ப்பாய் விரிக்கும் வேலையை எந்திரம் செய்தது. அந்தப் பருவத்தில் 110 தளங்களைத் திருடிய, அதாவது பந்து வீசப்படும்போதே அடுத்த தளத்துக்கு ஓடிச் சேர்ந்த, அவ்வூர் அணியின் வின்ஸ் கோல்மன், ஓட்டத்தில் எளிதில் பிடிபடாதவர், ஆட்டத்துக்கு முன் உடலைத் தளர்த்திக்கொண்டிருந்தபோது தானாக உருண்டுவந்த தார்ப்பாய் எந்திரம் அவர் காலில் ஏறியது. அந்த ஆண்டு கோப்பைக்கான இறுதித் தொடரான உலகத் தொடரில் அவரால் ஆட முடியவில்லை.

ஆட்டம் நின்று தொடரும்போது அது பழைய ஆட்டமாக இருப்பதில்லை. ஒரு மணிநேரம் உட்கார்ந்துவிட்டால் வீசுபவரின் தோள் குளிர்ந்துவிடும். பெரும்பாலும் வேறொருவர் வருவார். 2008 உலகத் தொடரின் ஐந்தாம் ஆட்டத்தில், பிலடெல்பியாவில், சேற்றுக்கு நடுவே இரண்டாம் தளத்தைத் திருடிய டாம்பா பே அணியின் அப்டன் ஓட்டத்தையும் எடுத்து 2-2 எனச் சமன் செய்தார். அக்டோபர் 27 இரவு நிறுத்திய ஆட்டம் 29-ஆம் தேதிதான் தொடர்ந்தது. ஆறு இன்னிங்ஸ் வீசியிருந்த பிலடெல்பியாவின் கோல் ஹேமல்ஸ் அதன்பிறகு ஒரு பந்தும் வீசவில்லை. அவர் மட்டை பிடிக்கவேண்டிய முறையில் மாற்றாக வந்த ஜெஃப் ஜென்கின்ஸ் எடுத்த எடுப்பிலேயே பந்தை வெளிக்களத்துக்கு அடித்து இரண்டாம் தளம் சேர்ந்தார். பிலடெல்பியா 4-3 என வென்று கோப்பையைத் தூக்கியது.

கூரை போட்டால் தீர்ந்தது என்று ஹூஸ்டன் நகரம் 1965-இல் ஆஸ்ட்ரோடோமைத் திறந்தது. 1976 ஜூன் 15 அன்று நகரத்தில் வெள்ளம். இரண்டு அணிகளும் முன்கூட்டியே உள்ளே வந்துவிட்டன. களம் காய்ந்து கிடந்தது. நடுவர்கள் வந்துசேர வழியில்லை என்பதால் ஆட்டத்தைத் தள்ளிவைத்தார்கள்.