அத்திபெலேயில் விவேகத்தின் வேலை

ஓசூரைத் தாண்டிக் கர்நாடகத்துக்குள் நுழைந்ததும் வரும் ஊர் அத்திபெலே. 2023 அக்டோபர் 7 அன்று, லாரியிலிருந்து பட்டாசுப் பெட்டிகளை இறக்கும்போது இங்குள்ள ஒரு கிடங்கில் தீப்பிடித்தது. பதினான்கு பேருக்குமேல் இறந்தார்கள். பெரும்பாலோர் தீபாவளி நேரத்து வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்த இளைஞர்கள். மாநில அரசு சி.ஐ.டி. விசாரணைக்கு உத்தரவிட்டது. சட்டம் தன் வேலையைச் செய்யட்டும். கிறிஸ்தவர்களுக்கு இதில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. விவேகம், நீதி, மனத்திடம், தன்னடக்கம் என்ற நான்கு தலையான நற்பண்புகளைக் கோபப்படாமலிருப்பது, குடிக்காமலிருப்பது என்று வீட்டோடு சுருக்கிவிட்டோம். அவற்றுக்குக் கிடங்கிலும் பட்டறையிலும்தான் அதிக வேலை.

சாலமோனின் ஞானம் 8:7 இந்த நான்கையும் ஒருங்கே சொல்கிறது. புனித தாமஸ் அக்குவினாஸ் விவேகத்தை முதலில் வைத்தார். அது தன் தலை தப்பினால் போதும் என்கிற சாமர்த்தியம் அல்ல. ஆலோசனை கேட்பது, சரி எது என்று தீர்மானிப்பது, தீர்மானித்ததைச் செய்ய வைப்பது என்று அதற்கு மூன்று படிகள். மூன்றாவதே முக்கியம் என்பது அவர் கருத்து. சரக்கை எப்படி அடுக்கலாம் என்று தீயணைப்புத் துறையிடம் ஒரு முதலாளி கேட்கிறார். இடத்துக்கு மீறிய சரக்கு இருப்பதாகத் தெரிகிறது. வாசலில் நிற்கும் லாரியைத் திருப்பி அனுப்பாதவரை அவரிடம் விவேகம் இருப்பதாகச் சொல்ல முடியாது. அனுப்புவதற்கு, ஒரு சீசனின் லாபத்தை விட்டுக்கொடுக்கும் தன்னடக்கமும் வேண்டும்.

இவை பிளேட்டோ பேசிய கிரேக்கப் பண்புகள்தானே, கிறிஸ்தவனுக்கு அன்பு போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. இந்த நான்குமே அன்பு எடுக்கும் வடிவங்கள் என்று புனித அகுஸ்தீன் விளக்கினார். அவர் சொன்னது சரி. வேலைக்கு வந்த பையன்மேல் பரிவு இருந்தும் வெளியேற வழி வைக்காவிட்டால், அந்தப் பரிவால் அவனுக்கு என்ன பயன்? இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: தினக்கூலிக்கு வந்தவன் வேலை வேண்டாமென்று எப்படிச் சொல்வான், அவனிடம் போய் மனத்திடம் கேட்பது கொடுமையில்லையா? கொடுமைதான். அவனிடம் அதைக் கேட்கக்கூடாது. நீதி என்பது பிறருக்குச் சேரவேண்டியதைக் கொடுப்பது. கொடுக்கும் இடத்தில் இருப்பவருக்கே அந்தக் கடமை. யாக்கோபு தம் திருமுகத்தின் 5ஆம் அதிகாரத்தில் கூலிக்காக அறுவடையாளர்களைக் கடிந்துகொள்ளவில்லை, நிலத்துக்காரர்களைத்தான் கடிந்துகொள்கிறார். மனத்திடமும் முதலில் மேற்பார்வையாளரிடமும் உரிமத்தில் கையெழுத்திடும் அதிகாரியிடமும் இருக்கவேண்டும். அவர்களில் யாராவது ஞாயிறு திருப்பலிக்குப் போகிறவர் என்றால், பங்குச் சாமியார் அவரிடம் பேசவேண்டிய விஷயங்களில் அந்தக் கையெழுத்தும் ஒன்று.