கொம்பனின் கூட்டாளிகள்

போளூருக்கு மேற்கே அரணாக நிற்கும் ஜவ்வாது மலையை அடுத்த நிலங்களிலும், திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களின் வயல்களிலும், தங்கள் தாய்க்காட்டை விட்டு வெகுதூரம் விலகித் திரிந்த ஆறு யானைகளை 2013-ஆம் ஆண்டில் வனத்துறையினர் பழக்கிய கும்கி யானைகளைக் கொண்டு பிடித்து முகாம்களுக்கு அனுப்பினார்கள். அப்போது பயிரைப் பற்றியும் உயிரைப் பற்றியும் ஜனங்கள் கொண்ட கவலை நியாயமானதே. ஆயினும், இனத்தாரை விட்டுப் பிரிந்த ஒரு யானையின் சந்ததி என்னவாகும் என்ற கேள்வியும் நாம் சிந்திக்கத் தக்கதாகும்.

பிராணிகளில் ஆண்கள் தம்முள் பொருது வெல்வதும், பெண்கள் தமக்கு உகந்த துணையைத் தேர்வதுமே இனவிருத்தியில் எவருக்கு வாய்ப்பு என்பதைத் தீர்மானிக்கின்றன என்று டார்வின் 1871-இல் விளக்கினார். அது உண்மையே, எனினும், அந்தப் போருக்கும் அந்தத் தேர்வுக்கும் முன்பே, ஒரு பிராணி யாருடன் வளர்ந்தது, யாரிடம் பழகியது என்பதும் அதன் பாக்கியத்தை நிர்ணயிக்கிறது என்பதை யானைகள் பிரத்தியட்சமாகக் காட்டுகின்றன.

யானைக் கூட்டம் என்பது தாய், மகள், சகோதரி என்று பெண்களால் ஆன குடும்பம். ஆண் கன்றோ யௌவனத்தை எட்டியதும் அதை விட்டு வெளியேறிவிடும். அதன்பின் அது ஏகாங்கியாகவே வாழும் என்பது நெடுநாளைய அபிப்பிராயம். நிஷாந்த் சீனிவாசையா, ராமன் சுகுமார், அனிந்திய சின்ஹா முதலிய ஆராய்ச்சியாளர்கள் தென்னிந்தியாவில் 248 ஆண் யானைகளைத் தனித்தனியே அடையாளம் கண்டு ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட முடிவுகள் வேறொன்றைக் கூறின: விளைநிலங்கள் மிகுந்த பகுதிகளில் இளம் ஆண்கள் பெருங்குழுக்களாகச் சேர்ந்து, அபாயங்களுக்கிடையே நெடுநாள் இணைபிரியாமல் வாழ்கின்றன, அவற்றின் தேகபுஷ்டியும் மேலாக இருக்கிறது.

தேகபுஷ்டிக்கும் இனவிருத்திக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. பெண் யானை ஏறக்குறைய 22 மாதம் கருவைச் சுமந்து, பின்னும் சில ஆண்டுகள் கன்றைப் பேணுவதால், கூடுவதற்கு இசையும் பெண்கள் எந்தச் சமயத்திலும் சொற்பமே. அவர்களைத் தேடி, கன்னத்தில் மதநீர் வழிய, உணவையும் குறைத்துக்கொண்டு மந்தைக்கு மந்தை அலையும் பருவத்தை, உடலில் சேமிப்புள்ள களிறே நெடுநாள் தாங்கும். பெண்களும் மதம் கொண்ட முதிர்ந்த களிற்றையே பெரிதும் விரும்புகின்றனர்.

மூத்தவர்கள் இல்லாத இடத்தில் நேர்வதைத் தென்னாப்பிரிக்காவின் பிலானஸ்பர்க் சரணாலயம் உணர்த்தியது. பெற்றோரை இழந்து அங்கே குடியேற்றப்பட்ட இளம் ஆண்களுக்கு அகாலத்தில் மதம் பிடித்து, அது நெடுநாள் நீடித்தது. 1992 முதல் 1997 வரை அவை 40-க்கும் மேற்பட்ட காண்டாமிருகங்களைக் கொன்றன. 1998-இல் குரூகர் வனத்திலிருந்து ஆறு முதிய களிறுகளைக் கொண்டுவந்து விட்டபின், இளையவற்றின் மதம் அடங்கிற்று, கொலைகளும் நின்றன. ஆரணியில் முதிய நெசவாளர் பக்கத்தில் அமர்ந்து தறி பழகும் சிறுவனைப் போல, யானையும் பெரியோரின் சன்னிதியில்தான் அடக்கத்தைக் கற்கிறது.

ஆகவே, தந்தத்துக்காக ஒரு பெருங்கொம்பன் வீழும்போதும், வலசைப் பாதை அடைபட்டுச் சில யானைகள் பிரியும்போதும், நாம் இழப்பது தலைக்கணக்கு மாத்திரமன்று. அடுத்த தலைமுறைக்குத் தந்தையாகத் தக்கவர் எவர் என்பதைத் தீர்மானிக்கும் உறவுகளும் அத்துடன் அறுபடுகின்றன. யானைகளைக் காப்பதென்றால் அவற்றின் சுற்றத்தையும் சேர்த்துக் காப்பதென்றே நம் அரசும் ஜனங்களும் கொள்ளவேண்டும்.