பனியில் பிளந்த மரங்களைக் காப்பது எவ்வாறு?

மரம் வைத்தவன் தண்ணீர் வார்ப்பான் என்பது பழமொழி. அந்நீரே உறைந்து பாரமாக வந்து மரத்தை முறிக்குமானால் வைத்தவன் என் செய்வான்? காஷ்மீரத்து ஆப்பிள் விவசாயிகளுக்கு 2018, 2019 ஆகிய இரு ஆண்டுகளிலும் இச்சோதனை நேர்ந்தது.

நம் பக்கத்து மார்கழிப் பனி போன்றதன்று அது. பஞ்சுபோல் விழுந்து குவியும் வெண்பனி. வழக்கமாக மரங்கள் இலையுதிர்ந்து நிற்கும் காலத்தில்தான் அது மிகுதியாகப் பெய்யும். வெறுங்கிளைகளில் அவ்வளவாகத் தங்காது. அவ்விரு ஆண்டுகளிலோ நவம்பர் முதல் வாரத்திலேயே பெய்துவிட்டது. ஈரம் மிகுந்த பனி, உதிராத இலைகளின்மேல் தங்கிப் பாரமேற்றவே, சோப்பியான், புல்வாமா, குல்காம் மாவட்டங்களில் மரங்கள் கவட்டில் பிளந்து வீழ்ந்தன. பழைய வகை ஆப்பிள் மரம் நன்கு காய்க்க 8 முதல் 10 ஆண்டுகள் செல்லும். ஆகையால் இழந்தது ஓராண்டு மகசூல் மட்டுமன்று.

ஆயினும் பிளந்த மரமெல்லாம் பட்ட மரமன்று. பனி பெய்யும்போதே நீண்ட கழியின் நுனியில் துணி சுற்றிக் கிளைகளை மெல்லத் தூக்கிப் பனியை உதிர்க்க வேண்டும். கீழ்க்கிளைகளிலிருந்து தொடங்குவதே முறை. இல்லையேல் மேலிருந்து விழும் பாரம் கீழ்க்கிளையை முறிக்கும். பனி கட்டியாக இறுகிவிட்டால் தொடலாகாது; தானே உருக விட வேண்டும். வளைந்த கிளைக்கு முட்டுக் கொடுத்தால் போதும்.

முறிந்த கிளையை, பட்டை உரியாதபடி முதலில் கீழ்ப்புறம் சிறிது அறுத்து, பின் மேலிருந்து அறுக்க வேண்டும். கிளையடியிலுள்ள புடைப்பை விட்டு அறுத்தால் காயம் விரைவில் மூடும்.

கவடு பிளந்திருப்பின் காலந்தாழ்த்தலாகாது. பிளவு உலருமுன் இரு பாதிகளையும் கயிற்றால் இழுத்துப் பொருத்தி, குறுக்கே துளையிட்டு, நீண்ட போல்ட்டைச் செலுத்தி, வாஷர் வைத்து நட்டால் முடுக்க வேண்டும். கம்பியைச் சுற்றிக் கட்டுவது தவறு. மரம் பருக்கும்போது அது பட்டையை இறுக்கி மரத்தையே கெடுக்கும். காயங்களுக்குப் போர்டோ பசை பூசலாம்: மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, நீர் 10 லிட்டர். இதை இரும்புப் பாத்திரத்தில் கலக்கலாகாது. பாதிக்கு மேல் கிளையிழந்த மரத்தையும், அடிவரை பிளந்த மரத்தையும் அகற்றுவதே நலம்.

நமக்கு வெண்பனி இல்லை, புயல் உண்டு. 2018 நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் வீசியபின், தணிக்கைக்குச் சென்ற ஒரு சிற்றூரில் கவடு பிளந்த மாமரம் விறகாக அடுக்கப்பட்டிருக்கக் கண்டேன். “துளை போடும் கருவிக்கு நான் எங்கே போவேன், ஐயா?” என்றார் உடையவர். அன்று என்னிடம் விடையில்லை. கிளையில்லாத தென்னைக்கு இம்முறை உதவாது. மா, பலா போன்ற மரங்களுக்கு உதவும்.

பாவில் இழை அறுந்தால் நெசவாளர் பிணைத்து நெய்கிறாரேயன்றிப் பாவையே எறிந்துவிடுவதில்லை. மரத்துக்கும் அப்பொறுமை வேண்டும். துளைக் கருவி, போல்ட், வடக்கயிறு, நல்ல ரம்பம் ஆகியவற்றைத் தனி விவசாயி வாங்கி வைப்பது அரிது. சங்கத்துக்கு அது பெருஞ்செலவன்று. ஐப்பசி பிறக்குமுன் ஒவ்வொரு சங்கமும் இவற்றைச் சேகரித்து, உறுப்பினர்க்குச் சிறு வாடகைக்குக் கொடுக்குமானால், அடுத்த புயலில் சில மரங்களேனும் விறகாகாமல் நிற்கும்.