காணிக்கைப் பையில விழுறது யாரோட காசு?

ஞாயிற்றுக்கிழமை சர்ச்ல காணிக்கைப் பை நம்ம வரிசைக்கு வர்றதுக்கு பத்து செகண்ட் முன்னாடி என்ன நடக்கும்? அப்பா அவசரமா பர்ஸைத் துழாவி ஒரு 10 ரூபாயை எடுத்து குழந்தை கையில திணிப்பார். குழந்தை அதைப் பையில போடும். எல்லாரும் சிரிப்பாங்க.

ஆடிட்டர் கண்ணோட பார்த்தா, காணிக்கை கொடுத்தது அப்பா. குழந்தை வெறும் கூரியர். வருஷத்துக்கு 52 வாரம், 520 ரூபாய். ஆனா குழந்தை கணக்குல வரவும் இல்ல, செலவும் இல்ல.

எங்க வீட்டுல இதை மாத்திப் பார்த்தோம். பொண்ணுக்கு ஏழு வயசு. சனிக்கிழமை 50 ரூபாய் பாக்கெட் மணி. காணிக்கைக்குத் தனியா எதுவும் தர மாட்டோம். அவளே முடிவு பண்ணி வாரம் 5 ரூபாய் போட்டுட்டு, மீதி 45-ஐ ஒரு பிஸ்கட் டப்பாவுல சேர்த்தா. 400 ரூபாய்க்கு ஒரு கலர் பென்சில் செட் வாங்கணும்னு ஆசை.

டப்பாவுல 340 சேர்ந்திருந்தப்போ சண்டே கிளாஸ்ல ஏழை விதவையோட இரண்டு காசு கதை சொல்லியிருக்காங்க. மாற்கு 12-ம் அதிகாரம். பணக்காரங்க மிச்சத்துல இருந்து போட்டாங்க, அந்தம்மா கையில இருந்த எல்லாத்தையும் போட்டாங்க. அடுத்த வாரம் பொண்ணு டப்பாவுல இருந்து 200 ரூபாயை எடுத்துக்கிட்டு கிளம்பிட்டா.

உண்மையச் சொல்றேன், எனக்கு வயித்தைக் கலக்குச்சு. 200 ரூபாய்க்காக இல்ல. ரெண்டு வாரத்துல கிடைக்க வேண்டிய பென்சில் இனிமே ஆறு வாரம் ஆகும்னு அவளுக்குத் தெரியுமா? உட்கார வச்சு கணக்கு போட்டுக் காட்டினேன். "தெரியும்ப்பா"ன்னா. போட்டுட்டா.

நாலாவது வாரம் கடை வாசல்ல நின்னு அழுதா. நான் பர்ஸை எடுத்துட்டேன். மனைவிதான் கையைப் பிடிச்சாங்க: "நீங்க அதை ரொப்பிட்டா, அவ எதையுமே கொடுக்கலன்னு ஆயிடும்." ஆறாவது வாரம்தான் வாங்கினா.

சரி, நம்ம விஷயத்துக்கு வருவோம். "சார், தசமபாகம் கிராஸ் சம்பளத்துலயா, கைக்கு வர்றதுலயா?"ன்னு நிறைய பேர் கேக்குறீங்க. கிராஸ் 42,000, கைக்கு 38,000-ன்னா வித்தியாசம் மாசம் 400 ரூபாய். எதுன்னு ஆயரைக் கேளுங்க, இல்ல மனசாட்சியைக் கேளுங்க. அது என் டிப்பார்ட்மென்ட் இல்ல. என் டிப்பார்ட்மென்ட் இது: கிரெடிட் கார்டு பாக்கிக்கு மாசம் 3 சதவீதத்துக்கு மேல வட்டி ஓடிக்கிட்டு இருக்கும்போது கொடுக்குற காணிக்கை, பேங்க்கோட காசு. எங்க வீட்டு டப்பாவுல கடன் கிடையாது. அதனாலதான் அவ கொடுத்தது அவளோடது. முதல்ல கார்டை அடைங்க. அதுவரைக்கும் 5 ரூபாய் போட்டாலும் அது உங்க காசு.

வரி விலக்கு? பையில போட்டதுக்கு ரசீது இல்ல, அதனால கிடையாது. மத நோக்கத்துக்கு மட்டுமே நடக்குற அமைப்புகளுக்கு பெரும்பாலும் 80ஜி இருக்காது. 80ஜி இருக்குற அறக்கட்டளைக்கே கொடுத்தாலும், 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா கொடுத்தா செல்லாது. யுபிஐ, செக்னா ஓகே. புது வரி முறையில இருக்கீங்கன்னா 80ஜி பக்கமே போக வேண்டாம், அங்க அது இல்லவே இல்ல.