மைக் பிடிப்பவருக்குப் படியளப்பது யார்?

அமெரிக்கக் கால்பந்து வீரர் டாம் பிரேடி 23 சீசன்கள் ஆடி ஈட்டிய மொத்தச் சம்பளத்தைவிட, ஆட்டத்தைப் பார்த்துப் பேசுவதற்கு அவருக்குப் பேசப்பட்ட தொகை பெரிது. 2022இல் ஃபாக்ஸ் தொலைக்காட்சியோடு அவர் செய்துகொண்ட ஒப்பந்தம் பத்து ஆண்டுகளுக்கு 37.5 கோடி டாலர் என்று அந்நாட்டுப் பத்திரிகைகள் எழுதின. இப்படியொரு செய்தி வரும்போதெல்லாம் ‘வாயால் பேசுவதற்கா இவ்வளவு கூலி?’ என்ற முணுமுணுப்பு எழும். கோபம் நியாயம்தான், ஆனால் குறி தப்பிய கோபம். 2023 முதல் 2027 வரையிலான ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை மட்டும் 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. அவ்வளவு பணம் புரளும் தொழிலில் வர்ணனையாளரின் ஊதியம் கணக்கில் ஓரத்தில் கிடக்கும் ஒரு செலவு. ரசிகன் கேட்க வேண்டிய கேள்வி எவ்வளவு என்பதல்ல. அந்தப் பணம் யார் கையிலிருந்து வருகிறது, எதைப் பேசாமலிருக்க வருகிறது என்பதுதான்.

இந்தியக் கிரிக்கெட்டைவிட இதற்குத் தெளிவான சாட்சி கிடையாது. பல ஆண்டுகள் சுனில் கவாஸ்கரும் ரவி சாஸ்திரியும் கிரிக்கெட் வாரியத்தோடு நேரடி ஒப்பந்தம் வைத்துக்கொண்டே வர்ணனை செய்தார்கள். ஆளுக்கு ஆண்டுக்கு 3.6 கோடி ரூபாய் என்று 2011 வாக்கில் செய்திகள் வந்தன. யாருடைய முடிவுகளை அலச வேண்டுமோ அவர்களிடமே சம்பளம். நடுவர் தீர்ப்பை மறுபரிசீலனை செய்யும் டி.ஆர்.எஸ். முறையை வாரியம் பிடிவாதமாக எதிர்த்த காலம் அது. 2013இல் ஆஸ்திரேலிய அணி இந்தியா வந்தபோது வர்ணனைக்கு அழைக்கப்பட்ட முன்னாள் ஆஸ்திரேலியத் தலைவர் இயான் சாப்பல், டி.ஆர்.எஸ்., வீரர்கள் தேர்வு, வாரிய நிர்வாகம் ஆகியவை பற்றிப் பேசக் கூடாது என்று அறிந்ததும் வரவில்லை என்று சொல்லிவிட்டார். மற்றவர்கள் பேசினார்கள், அந்த மூன்றைத் தவிர.

பேசினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணங்கள் உண்டு. 2016இல் இந்திய வர்ணனையாளர்கள் நம் வீரர்களைப் பற்றிக் கூடுதலாகப் பேசலாமே என்று அமிதாப் பச்சன் ட்விட்டரில் ஆதங்கப்பட்டார். தோனி அதை ஆமோதித்தார். சில நாட்களில் வர்ணனையாளர் ஹர்ஷா போக்ளே ஐ.பி.எல். வர்ணனைக் குழுவில் இல்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்பதை வாரியம் சொல்லவில்லை. காரணமே சொல்லவில்லை. போக்ளேயாவது சர்வதேசக் கிரிக்கெட் ஆடாதவர். 37 டெஸ்ட் ஆடிய சஞ்சய் மஞ்ச்ரேக்கரும் 2020இல் நீக்கப்பட்டார். உங்கள் விதிமுறைகளுக்கு உட்பட்டுப் பணியாற்றத் தயார் என்று பிறகு அவர் வாரியத்துக்குக் கடிதம் எழுதியதாகச் செய்தி வந்தது. மஞ்ச்ரேக்கரின் கருத்துகள் எல்லாம் சரி என்று இங்கே யாரும் வாதிடவில்லை. ஆல்ரவுண்டர் ஜடேஜாவை மட்டம் தட்டிப் பேசி அவர் சறுக்கியது ஊரறிந்தது. ஆனால் தவறாகப் பேசவும் உரிமையில்லாத இடத்தில் சரியாகப் பேசுவதற்கு மதிப்பு ஏது?

‘முன்னாள் வீரருக்குத்தான் ஆட்டத்தின் நுணுக்கம் தெரியும், அதற்குத்தான் காசு’ என்பது முதல் மறுப்பு. பாதி உண்மை. பந்து ஏன் உள்ளே திரும்பியது என்பதை ஆடியவர் சொன்னால் அதற்கு ஒரு கனம் உண்டு. ஆனால் ஆடிய திறமையும் சொல்லும் திறமையும் ஒன்றல்ல. தமிழில் வானொலி வழியே கிரிக்கெட்டை வீட்டுக்குள் கொண்டுவந்த அப்துல் ஜப்பார் நாடக, வானொலிக் கலைஞர். 2024இல் பிரேடிக்கு இடம் விட்டு ஃபாக்ஸின் இரண்டாம் குழுவுக்கு இறக்கப்பட்ட கிரெக் ஓல்சன், அதே ஆண்டில் சிறந்த வர்ணனையாளருக்கான எம்மி விருது வாங்கினார். விலை பெயருக்குத்தான், வேலைக்கு அல்ல என்பதை ஃபாக்ஸே நிரூபித்துவிட்டது.

இரண்டாவது மறுப்பு வலுவானது. பிரேடிக்குச் சம்பளம் தருவது லீக் அல்ல, தொலைக்காட்சிதானே? உண்மை. ஆனால் 2024 அக்டோபரில் அவர் லாஸ் வேகஸ் ரெய்டர்ஸ் அணியின் பங்குதாரர் ஆனார். அந்தப் பங்கை முன்னிட்டு, அது கைக்கு வரும் முன்பே, மற்ற அணிகளின் பயிற்சியைப் பார்க்கவும், ஒளிபரப்புக்கு முன் அவற்றின் பயிற்சியாளர்களைச் சந்திக்கவும் அவருக்குத் தடை வந்தது. நடுவர்களைக் கடுமையாகச் சாடவும் கூடாது என்றார்கள். பார்வையாளன் எதற்காக அவரை நம்பினானோ அதிலேயே கட்டுப்பாடு. ஆக, சம்பளம் கயிறுகளில் ஒன்று மட்டுமே. பங்கும் ஒரு கயிறு. வீரர்களின் வணிகத்தை நிர்வகிக்கும் நிறுவனத்தின் தலைவராக இருந்துகொண்டே வர்ணனை செய்வது முறையா என்று, 2017இல் வாரியத்தின் நிர்வாகக் குழுவிலிருந்து விலகிய வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா, கவாஸ்கரைக் குறித்துத் தம் ராஜினாமாக் கடிதத்தில் கேட்டதும் இதைத்தான்.

அப்படியானால் காசு வாங்கியவர் எவரும் நேர்மையாகப் பேச முடியாதா? முடியும். 1981 பிப்ரவரி 1 அன்று மெல்போர்னில் நியூசிலாந்துக்கு எதிராகக் கடைசிப் பந்தைத் தரையோடு உருட்டச் சொன்ன ஆஸ்திரேலியத் தலைவர் கிரெக் சாப்பலை, அந்த ஆட்டத்தை ஒளிபரப்பிய அலைவரிசையிலேயே ஆஸ்திரேலிய வர்ணனையாளர் ரிச்சி பெனோ வெளுத்து வாங்கினார். அவர் சம்பளம் வாங்கியது கிரிக்கெட்டைச் சந்தைப்படுத்திக்கொண்டிருந்த அந்த அலைவரிசையின் முதலாளி கெர்ரி பேக்கரிடம். கண்டித்தது சொந்த நாட்டு அணித் தலைவரை. இன்றும் முன்னாள் இங்கிலாந்து அணித் தலைவர்கள் ஆதர்ட்டனும் நாசர் ஹுசைனும் ஸ்கை தொலைக்காட்சியில் இங்கிலாந்து வாரியத்தைத் தயங்காமல் விமர்சிக்கிறார்கள். அவர்களை நீக்கும் அதிகாரம் வாரியத்திடம் இல்லை என்பதே வேறுபாடு. ரசிகர்கள் புகழ்ச்சியைத்தான் விரும்புகிறார்கள் என்று சொல்வோர் உண்டு. விரும்பட்டும், புகழ்வது சம்பளத்துக்கா, ஆட்டத்துக்கா என்று தெரிந்துகொண்டு விரும்பட்டும்.

இதற்குச் சட்டம் ஒன்றும் வேண்டியதில்லை. வர்ணனையாளர்களின் ஒப்பந்தத்தில் பேசக் கூடாதவை எவை என்பதை வாரியம் வெளியிடட்டும். திரையில் வர்ணனையாளரின் பெயர் வரும்போது, அவருக்குச் சம்பளம் தருவது யார், எந்த அணியில், எந்த நிறுவனத்தில் அவருக்குப் பங்கு என்று கீழே ஒரு வரி ஓடட்டும். சூதாட்டச் செயலிகளின் விளம்பரத்துக்கு அந்த இடத்தை இத்தனை காலம் கொடுத்த ஒளிபரப்பாளர்களுக்கு, இந்த ஒரு வரியைப் போட இடமில்லை என்று சொல்ல வாய் வராது.