கோதுமை விலக்கியோரும் விற்றமின் குளிசைகளும்

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில், இலண்டன் மாநகரில் நெடுங்காலம் வாழ்ந்துவரும் என் வகுப்புத் தோழரொருவர் விடுமுறையில் ஊர் வந்திருந்தார். என்னைக் காணவந்த அவர், சுகநல விசாரணைகள் முடிந்ததும் கைப்பையைத் திறந்து ஒன்பது போத்தல்களை எடுத்து என் மேசைமீது வரிசையாக வைத்தார். அனைத்தும் விற்றமின் குளிசைகள். “நீர் முப்பது ஆண்டு மருந்தகத்தில் இருந்தவர். இவற்றுள் எதனை விழுங்குவது, எதனை எறிவது என்று நீரே சொல்லும்” என்றார்.

அவருடைய வரலாறு சுருக்கமானது. ஆயினும் பலருக்கும் பொதுவானது. பத்தாண்டுகளுக்கு மேலாகக் களைப்பும் குருதிச் சோகையும் அவரை வருத்தின. இரும்புக் குளிசைகளை உட்கொள்வார், சிறிது தேறுவார், நிறுத்தியதும் பழைய நிலைக்கே திரும்புவார். மரக்கறி உண்பவராதலின் அதனால் வந்த குறையென்று பலரும் அமைதி கூறினர். ஈற்றில் வைத்தியரொருவர், வயிற்றினுட் சென்ற இரும்பு குருதியைச் சென்றடையாமைக்குக் காரணம் யாதென வினவி, குருதிப் பரிசோதனையும், சிறுகுடலிலிருந்து எடுத்த இழையத்தின் பரிசோதனையும் செய்வித்தார். சீலியாக் நோய் என்பது தெளிவாயிற்று. கோதுமையை அன்றே விலக்கினார் நண்பர். ஆயினும் ஈராண்டுகள் சென்றபின்னும் இரும்பு நிலை எதிர்பார்த்தவாறு உயரவில்லை. அக்கவலையே ஒன்பது போத்தல்களாக உருக்கொண்டிருந்தது.

இந்நோயின் இயல்பை முதலில் விளங்கிக்கொள்ளுதல் வேண்டும். கோதுமை மாவைப் பிசையும்போது இழுபடுந் தன்மையைக் கொடுப்பது குளூட்டன் என்னும் புரதம். அதனையொத்த புரதங்கள் பார்லியிலும் றை என்னுந் தானியத்திலும் உள. பரம்பரையாக அமைந்த சில கூறுகளையுடைய மக்களுட் சிலருக்கு, இப்புரதம் சிறுகுடலை அடைந்ததும் உடலின் காவற்படை அதனைப் பகையெனக் கருதிப் போர் தொடுக்கின்றது. அப்போரில் அழிவது பகையன்று, சொந்தக் குடலின் சடைமுளைகளே. பட்டுத் துணியின் மயிர்போல் நெருங்கி நின்று உணவின் சாரத்தை உறிஞ்சும் அச்சடைமுளைகள் தேய்ந்து மட்டமாகின்றன. இரும்பும் கல்சியமும் உறிஞ்சப்படுவது சிறுகுடலின் முற்பகுதியிலே. போலிக் அமிலம் அதனையடுத்த பகுதியிலே. நோய் முதலில் தாக்குவதும் அவ்விடங்களையே. ஆதலாற்றான் சோகையும் எலும்பு நலிவும் வயிற்றுக் கோளாறு எதுவுமின்றியே இந்நோயின் முதலறிகுறியாகத் தோன்றுவதுண்டு. கொழுப்பிற் கரையும் ஏ, டி, ஈ, கே விற்றமின்களும், நாகம் எனப்படும் துத்தநாகச் சத்தும் குறைதல் கூடும்.

1888ஆம் ஆண்டில் இந்நோயைத் தெளிவுற வருணித்த சாமுவேல் ஜீ என்னும் ஆங்கில வைத்தியர், இதற்கு நிவாரணம் உண்டாயின் அஃது உணவின் வழியாகவே உண்டாதல் வேண்டும் என்று கருதினார். ஆனால், எவ்வுணவு குற்றவாளி என்பதை அறிந்தவர் டிக்கே என்னும் ஒல்லாந்தக் குழந்தை வைத்தியரே. கோதுமைமீது அவருக்கு முன்னரே ஐயம் இருந்தது. 1944-45ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஒல்லாந்து பஞ்சத்தால் வாடியபோது, பாண் அற்றுப்போன அந்நாட்களில் இந்நோயுற்ற குழந்தைகள் தேறினர். பாண் மீண்டும் வந்ததும் அவர்தம் நோயும் மீண்டது. 1950இல் உற்றெக்ட் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேட்டில் அவர் தம் முடிபை வெளியிட்டார். இங்கே இன்னோர் ஒல்லாந்தரையும் நினைவு கூர்தல் தகும். அவர் எய்க்மன் என்பார். தீட்டிய வெள்ளையரிசியை உண்ட கோழிகள் கால் தளர்ந்து வீழ்வதையும், தவிட்டையுடைய அரிசியால் அவை எழுவதையும் 1890களில் சாவகத் தீவிற் கண்டு, பெரிபெரி நோயின் உண்மைக்கு வழிகாட்டியவர். ஒருவர், உணவிலுள்ள ஒன்றால் நோய் வருமென்றார். மற்றவரின் கண்டறிதல், உணவில் இல்லாத ஒன்றால் நோய் வருமென்பதை அறிய வழிவகுத்தது. குளூட்டனை விலக்கியோர் இவ்விருவரையும் ஒருங்கே மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

ஏனெனில், கோதுமையை விலக்கிய மாத்திரத்தில் உணவு நிறைவானதாகிவிடாது. கடைகளில் ‘குளூட்டன் அற்றது’ என விற்கப்படும் பாணும் பிஸ்கற்றும் பெரும்பாலும் வெள்ளையரிசி மா, சோள மாப்பொருள், மரவள்ளி மாப்பொருள், உருளைக்கிழங்கு மாப்பொருள் ஆகியவற்றால் ஆனவை. அவற்றில் நார்ப்பொருளும் பி இன விற்றமின்களும் அருகியே இருத்தல் கூடும். பிரித்தானியாவில் சாதாரண வெள்ளைக் கோதுமை மாவுக்குக் கல்சியம், இரும்பு, பி 1, நயசின் ஆகியவை சேர்க்கப்படுதல் சட்டம். போலிக் அமிலத்தையும் சேர்த்தற்கு 2024இல் விதி செய்யப்பட்டது. இவ்விதிகள் குளூட்டன் அற்ற மாவைக் கட்டுப்படுத்துவதில்லை. எனவே பாணை விட்டவர், பாணோடு அறியாமலே பெற்றுவந்த சத்துக்களையும் விட்டவராகின்றார்.

நம்மவருக்கு இவ்விடத்தில் ஓர் ஆறுதல் உண்டு. புழுங்கலரிசி நெல்லோடு அவிக்கப்படும்போது உமிக்கடியிலுள்ள பி 1 உள்ளே ஊறிவிடுவதால், தீட்டிய பின்னும் அச்சத்து ஓரளவு எஞ்சுகின்றது. குரக்கன் கல்சியத்துக்குப் பேர்பெற்றது. தினை, சாமை, உழுந்து, பயறு, எள்ளு, ஒடியல் என்பன இயல்பாகவே குளூட்டன் அற்றவை. 2016இல் வெளிவந்த இந்திய ஆய்வொன்று, வட இந்தியாவில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேலாகக் காணப்பட்ட இந்நோய் தென்னிந்தியாவில் ஆயிரத்துக்கு ஒருவர் அளவிலேயே காணப்பட்டதென்றும், பரம்பரைக் கூறுகள் இரு பகுதியாருக்கும் ஏறக்குறைய ஒத்திருந்தனவென்றும் தெரிவித்தது. சோறுண்பவர் நாடு மாறிப் பாணுண்பவராகும்போது என்ன நேருமென்பதை இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் நம் பழைய மாணவர் எண்ணிப்பார்த்தல் நன்று.

இனிக் குளிசைக்கு வருவோம். குளிசையைக் கடையில் தேர்வதற்கு முன் பரிசோதனைச் சாலையில் தேர்தல் வேண்டும். இரும்பின் சேமிப்பைக் காட்டும் பெரிற்றின், பி 12, போலிக் அமிலம், விற்றமின் டி ஆகியவற்றின் நிலையைக் குருதியில் அளந்தறிந்து, குறைந்ததை நிரப்புவதே முறை. குறையாததை நிரப்புதல் வீண் செலவு, சிலவிடத்துத் தீங்குமாகும். இதனோடு சேர்த்து ஓர் எச்சரிக்கை. நோய் இருக்குமோ என ஐயுற்றவர், பரிசோதனைக்கு முன்னரே தாமாகக் கோதுமையை நிறுத்திவிடலாகாது. நிறுத்தினால் குருதியிலுள்ள அறிகுறி மறைந்து, பரிசோதனை பொய்த்துப்போம். பரிசோதனைக்கு முன் ஆறு கிழமைகளாவது நாள்தோறும் ஒரு வேளைக்கு மேல் கோதுமையுணவு உண்டிருத்தல் வேண்டுமென்பது பிரித்தானிய வைத்திய நெறி. பலர் இதனை அறியாமல் வழியை அடைத்துக்கொள்கின்றனர்.

போத்தலின் சீட்டை வாசிக்குமிடத்து, விற்றமின்களின் பட்டியலை மட்டும் நோக்குதல் போதாது. ‘ஏனைய சேர்க்கைகள்’ எனச் சிற்றெழுத்தில் உள்ளதையே முதலில் நோக்குக. குளிசையை உருட்டித் திரட்டச் சேர்க்கும் மாப்பொருள் எத்தானியத்ததென்று காண்க. சோளம், உருளைக்கிழங்கு, அரிசி எனில் அச்சமில்லை. மோல்டோடெக்ஸ்ட்ரின் என்னும் பெயரைக் கண்டு சிலர் மோல்ட் என மயங்கி அஞ்சுவர். அது பெரும்பாலும் சோளத்திலிருந்து பெறப்படுவது. உண்மையான மோல்ட் சாறோ பார்லியிற் பிறப்பது; சத்துப் பானங்களிலும் ‘தொனிக்கு’களிலும் மறைந்துறைவது. அமெரிக்க ஒவ்வாமைச் சட்டம் கோதுமையை வெளிப்படக் கூறுமாறு பணிக்கின்றதேயன்றிப் பார்லியை அவ்வாறு பணிக்கவில்லை. பிரித்தானியாவிலோ இரண்டும் கூறப்படல் வேண்டும். ‘குளூட்டன் அற்றது’ என்னுஞ் சொல், அமெரிக்காவில் 2013இல் வகுக்கப்பட்ட விதியின்படி, கிலோ ஒன்றில் 20 மில்லிகிராமுக்குக் குறைந்ததையே குறிக்கும். விற்றமின் குளிசைகளுக்கும் அவ்விதி பொருந்தும்.

இவ்வளவையும் ஒரு கணக்கில் வைத்துப் பார்த்தல் நன்று. ஒரு கிராம் நிறையுள்ள குளிசை அவ்வெல்லைக்குள் இருப்பின், அதிலுள்ள குளூட்டன் ஒரு மில்லிகிராமின் ஐம்பதில் ஒரு பங்கையும் தாண்டாது. ஒரு துண்டுப் பாணிலோ ஏறத்தாழ 2 கிராம், அதாவது 2000 மில்லிகிராம் உண்டு. நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் தொடர்ந்து சென்றால் சில மாதங்களிற் குடல் பழுதுறுமென்பது 2007இல் வெளியான ஆய்வொன்றின் முடிபு. ஆகவே, நற்சீட்டுள்ள குளிசையைப் பார்த்து நடுங்குபவர், பாண் வெட்டிய கத்தியாற் பழத்தை நறுக்கி உண்பாராயின் அவரது அச்சம் இடம் மாறிய அச்சமே.

நண்பரின் போத்தல்களை ஒவ்வொன்றாக எடுத்தோம். அவற்றுட் சில, மகன் அமெரிக்காவிலிருந்து அனுப்பியவை. பார்லிப் புல்லும் கோதுமைப் புல்லும் உலர்த்தித் திரட்டிய பச்சைக் குளிசை ஒன்று. புல்லிற் குளூட்டன் இல்லையென்பர். ஆயினும் அறுவடையில் ஒரு விதை கலந்தாலும் கெட்டது. அதனை விலக்கினேன். மதுவடிக்கும் நொதியத்தாலான பி இனக் குளிசை மற்றொன்று, பார்லியோடு உறவாடி வந்தது, அதனையும் விலக்கினேன். மூன்றாவது, கோதுமை முளையின் எண்ணெய். விற்றமின் ஈ வேறு வித்துக்களிலும் கிடைக்கையில் அதனை நாடுவானேன்? அன்றியும் அதன் உறை விலங்கின் எலும்பு, தோல் என்பவற்றாற் செய்த ஜெலற்றின் என்று காட்டியபோது, மரக்கறி உண்பவராகிய அவர் அதனை மேசையின் மறுகோடிக்குத் தாமே தள்ளிவிட்டார். விற்றமின் ஏ தனியாக ஒன்றும், பல்விற்றமின் இரண்டும் இருந்தன. மூன்றிலும் ஏ உண்டு. அது ஈரலிற் சேர்ந்து தங்குவது. மிகுந்தால் ஈரலுக்கும் எலும்புக்கும் கேடு. கருவுற்ற தாய்மார்க்கு மேலதிகமாக ஆகவே ஆகாது. பல்விற்றமின் ஒன்றை மாத்திரம் வைத்து மற்றிரண்டையும் விலக்கினேன்.

எஞ்சியவை இரும்பு, பி 12, டியோடு கூடிய கல்சியம். பி 12 சிறுகுடலின் கடைப்பகுதியில் உறிஞ்சப்படுவதாயினும், தாவர உணவிற் கிடையாதாகையால் மரக்கறி உண்போருக்கு அது இருமடங்கு கவனத்துக்குரியது. போலிக் அமிலத்தைத் தனித்து மிகையாக உண்டால் சோகை மறைந்து பி 12 குறைவு வெளிப்படாமற் போம். நரம்பு கெட்டபின்னரே தெரியவரும். பி 6இனை நெடுநாள் மிகையாக உட்கொள்வதும் நரம்பைக் கெடுக்கும். விற்றமின் டி இலண்டன் வெயிலை நம்பியிருப்போருக்குக் குளிர்காலத்தில் நாளொன்றுக்கு 10 மைக்கிரோகிராம் என்பது பொது அறிவுரை. குறை கண்டவர்க்கு வைத்தியர் கூடுதலாக விதிப்பார். கல்சியம் உணவும் குளிசையுமாகச் சேர்ந்து நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் அளவிற் செல்லுதல் போதும்; ஒருமுறைக்கு 500 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் உடல் ஏற்பது குறையும்.

எவற்றை உண்பது என்பதுபோலவே எப்போது உண்பது என்பதும் முக்கியமே. இரும்பையும் கல்சியத்தையும் ஒருங்கே விழுங்கினால் ஒன்று மற்றொன்றைத் தடுக்கும். தேநீரும் இரும்புக்குப் பகை. தேசிக்காய், நெல்லி, தோடம்பழம் என்பவற்றிலுள்ள விற்றமின் சி நட்பு. நண்பரோ காலைத் தேநீரோடு இரும்பையும் கல்சியத்தையும் ஒரே வாயில் விழுங்கிவந்திருக்கின்றார்! தைரொயிட் குறைவுக்கு மருந்துண்போர், அம்மருந்துக்கும் இவ்விரண்டுக்கும் நான்கு மணித்தியால இடைவெளி விடுதல் வேண்டும். இரும்புக் குளிசைகளைச் சிறுவர் கைக்கெட்டாத இடத்தில் வைத்தல் இன்றியமையாதது; சில குளிசைகளே குழந்தையின் உயிருக்கு உலைவைக்கும்.

இவை முடிந்தபின்னும் என் மனம் அமைதியுறவில்லை. தேநீர் ஒன்றே ஈராண்டுக் குறையை விளைத்திருக்குமா? “கிழமை முழுவதும் என்னென்ன உண்கின்றீர்?” என்று கேட்டேன். வீட்டில் சோறு, அரிசிமா இடியப்பம், உழுந்தும் அரிசியும் அரைத்த தோசை. இரசத்துக்குப் பெருங்காயத் தூள். என் அடுக்களையிலிருந்து அச்சிறு டப்பாவைக் கொண்டுவரச் செய்து வாசித்தோம். பிசினோடு கோதுமை மா சேர்த்தது என்று எழுதியிருந்தது. கூட்டுப் பெருங்காயங்கள் பல அவ்வாறே செய்யப்படுகின்றன. அரிசி மா சேர்த்ததும் கிடைக்குமென்றேன். ஆனால், ஒரு சிட்டிகை தூள் சிறியது. பெரியது பிறகு வந்தது. சனிக்கிழமை தோறும் தமக்கையார் வீட்டில் பிட்டு. பிட்டு அரிசிமாவாலேதான் அவிக்கப்படுமென்று அவர் நம்பியிருந்தார். நம் வீடுகளில் மென்மை கருதி அவித்த கோதுமை மாவைச் சரிபாதி கலப்பது வழக்கமென்பதை நான் நினைவூட்டியதும் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு, தமக்கை தம் கையால் அவிப்பதை எவ்வாறு வேண்டாமென்பேன் என்று கவலைப்பட்டார். வேண்டாமென்ன வேண்டியதில்லை, தமக்கென்று ஒரு நீத்துப்பெட்டி வேறாக வைத்து அரிசிமாவில் மட்டும் அவிக்கச் சொல்லும்படி கூறினேன்.

நான்கு போத்தல்களோடு இலண்டன் திரும்பிய அவரிடமிருந்து தை மாதத்தில் ஒரு கடிதம் வந்தது. பெரிற்றின் முதன்முறையாக உரிய எல்லைக்குள் வந்துவிட்டதாம். இரும்புக் குளிசையை எப்போது நிறுத்துவதென்பதை அடுத்த பரிசோதனையின்பின் வைத்தியர் தீர்மானிப்பார். தமக்கையார் இப்போது எல்லாருக்குமே அரிசிமாப் பிட்டுத்தான் அவிக்கின்றாராம். அது சற்று இறுகியிருப்பதாக அத்தான் மட்டும் முறையிடுகின்றார் என்றும் எழுதியிருந்தார்.